முப்பத்தொரு சுற்று

கிட்டாரை அப்படிக் குப்புறப் போடாதீர்கள் சார். மல்லாக்க வையுங்கள். கழுத்துக்குக் கீழே அந்தத் துண்டை மடித்துக் கொடுங்கள். ஆமாம், அப்படித்தான். கழுத்து என்றால் இந்த நீளக் கட்டை. கம்பியெல்லாம் இதன் மேல்தான் ஓடுகிறது. மனுசனுக்கானாலும் கிட்டாருக்கானாலும் கழுத்து கோணினால் வம்புதான்.

யார் அனுப்பியது என்றீர்கள்? தங்கையாவா? சாலமோன் தங்கையா. சரி. அவர் அனுப்பி வருகிற ஒன்பதாவது ஆள் நீங்கள். என்ன சொல்லி அனுப்பினார்? 'அவர் ஒருத்தர்தான் உள்ளதை உள்ளபடி சொல்லுவார்' என்றா? எட்டுப் பேரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். ஒரு சொல் மாறவில்லை.

நான் பேசுகிறவன் இல்லை சார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஓரத்து இலை பார்த்து உட்கார்ந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்துவிடுவேன். படிப்பு எட்டாம் வகுப்பு. முப்பத்திரண்டு வருஷம் நூற்பாலையில் இருந்தேன். நூற்கிற வேலை இல்லை, நூலை அளக்கிற வேலை. நூற்றிருபது கஜம் சுற்றி எடுத்து, தராசில் வைத்து, இது இத்தனையாம் நம்பர் நூல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாற்பது என்று சீட்டு ஒட்டிய பெட்டியில் முப்பத்தொன்பதரை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். மேஸ்திரி கத்துவார். கத்தட்டும். தராசு யாருக்கும் சொந்தக்காரன் இல்லை.

ஆலையை மூடிய பிறகுதான் இந்த வேலை. சும்மா இருக்க முடியாமல் ஒருவருடைய கிட்டாரைத் திறந்து பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு பாட்டும் தெரியாது. அளக்கத் தெரியும். அது போதும்.

சரி, இதற்கு என்ன கோளாறு? ரெண்டு பாட்டுக்குள் சுருதி இறங்கிவிடுகிறது, மேலே போனால் சேரவில்லை. இது ஒரு நோய் இல்லை சார், இரண்டு நோய். சுருதி நிற்காதது ஒன்று. நின்றும் சேராதது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் எல்லாரும் வருகிறார்கள்.

முதலாவதைப் பார்ப்போம். முறுக்காணியைத் திருப்புங்கள். மெதுவாக. கேட்டதா? 'டிக்' என்றது. கழுத்தின் தலைமாட்டில் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கிறது பாருங்கள், அதில் ஆறு பள்ளம். கம்பி அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் முறுக்குகிறீர்கள், அது நகராமல் இருக்கிறது, அப்புறம் வாசிக்கும்போது தனக்குத் தோன்றிய நேரத்தில் நழுவுகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் தீர்ந்தது. கம்பியையும் ஆணியில் ஏழு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறீர்கள். மூன்று போதும். மீதி நாலு சுற்றும் இளகிக்கொண்டேதான் இருக்கும். முதல் நோய் அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் இருக்கிறது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற இந்த உலோகக் கோடுதான் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் வைத்துத் தட்டினால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அதே இடத்தில் அழுத்தித் தட்டினால் இன்னொரு சத்தம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சுருதி காட்டுகிற இந்த டியூனரின் முள்ளைப் பாருங்கள். மணிக்கு நடுவில் நிற்கிறது. அழுத்தினால் வலது பக்கம் சாய்கிறது. ஆறு சென்ட் கூடுதல். சென்ட் என்றால் வீட்டுமனைச் சென்ட் இல்லை. ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்த ஃப்ரெட்டுக்கும் நடுவிலே நூறு பங்கு. அதில் ஒரு பங்கு. கூடினால், கீழே பிரிட்ஜில் கம்பி உட்கார்ந்திருக்கிற இந்தச் சின்னக் கட்டையைப் பின்னால் தள்ள வேண்டும். கட்டைக்குப் பின்னால் ஒரு திருகாணி. ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர். குறைந்தால் முன்னால். இதைத் தெரிந்துகொள்ள படிப்பு வேண்டாம், பொறுமை வேண்டும்.

தங்கையாவுக்கும் இதே கோளாறுதான். இதே மேஜைதான். அவர் உட்கார்ந்த நாற்காலியில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

எங்கள் சபையில் முப்பத்தெட்டு வருஷமாக அவர்தான் கிட்டார். பீடத்துக்கு இடது பக்கம், இரண்டாவது தூணுக்கு அருகில் அவருடைய நாற்காலி. வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். மனைவி தவறி ஆறு வருஷம். மகள் மும்பையில். வயது அறுபத்தாறு. எனக்கு எழுபத்தொன்று, அதனால் என்னை அண்ணாச்சி என்பார். போன வருஷம் அசனப் பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அசனம் தெரியுமல்லவா? அறுப்பு முடிந்து நன்றி சொல்லி, சபை முழுக்க ஒரே பந்தியாக உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிடுகிற நாள். வெளியூரில் இருக்கிறவர்கள்கூட வந்துவிடுவார்கள்.

"அண்ணாச்சி, மேல போனா சேர மாட்டேங்கு. எமர்சன் மூஞ்சியத் திருப்புதான்."

எமர்சன் எங்கள் பாடகர் குழுத் தலைவர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார்.

"அவன் என்ன சொல்லுதான்?" என்று கேட்டேன்.

"கீபோர்டிலேயே கிட்டார் சத்தம் இருக்காம். பட்டனை அமுக்குனா வருமாம். இந்த அசனத்துக்கு ஆரம்ப இசை நான் தனியா வாசிக்கணும். அதுல சரியா வந்தா வந்தது. இல்லன்னா இதோட எந்திரிச்சுக்கோன்னு சொல்லாமச் சொல்லுதான்." கிட்டார் உறையைத் தடவிக்கொண்டே சொன்னார். "அந்த நாற்காலியும் போச்சுன்னா ஞாயித்துக்கிழமை எனக்கு என்ன அண்ணாச்சி இருக்கு?"

நாற்காலியைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? கிட்டாரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆறு நாள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கழுத்து ஒரு மயிரிழை வளைந்திருந்தது, நிமிர்த்தினேன். ஆறு பள்ளத்தில் நாலு அடைத்திருந்தது. இரண்டு முறுக்காணியில் திருகு ஆடியது. பதினான்காவது ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருந்தது, தட்டி இறக்கினேன். பழைய கம்பியை மாற்றினேன். அப்புறம் பிரிட்ஜில் ஆறு கட்டையையும் அளவுக்கு வைத்தேன். ஆறு கம்பிக்கும் முள் நடுவில். நான் அழுத்தினாலும் நடுவில், என் வீட்டுக்காரி ரூபியைக் கூப்பிட்டு அழுத்தச் சொன்னாலும் நடுவில். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

செவ்வாய்க்கிழமை தங்கையா வந்து வாசித்தார். சேரவில்லை.

மூன்றாவது கம்பியில் பதினொரு சென்ட் கூடுதல். மறுபடி அழுத்தச் சொன்னேன். பதினொன்று. மூன்றாவது தடவை. பதினொன்று. அதே கிட்டார், அதே கம்பி. நான் அழுத்தினால் பூஜ்யம், அவர் அழுத்தினால் பதினொன்று. அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

கண்ணை மூடச் சொன்னேன். இடது கையை மேஜையில் வைக்கச் சொன்னேன். ஒரு குண்டூசியை எடுத்து விரல் நுனியில் தொட்டேன்.

"எந்த விரல்?"

"மோதிர விரல்."

நடுவிரல் சார். நான் தொட்டது நடுவிரல்.

இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். "இப்ப?"

"தொட்டுட்டியளா அண்ணாச்சி?"

ஒரு பொட்டு ரத்தம் வந்திருந்தது. பத்துத் தடவை கேட்டேன். இரண்டு தடவைதான் சரியாகச் சொன்னார். பத்தொன்பது வருஷமாகச் சர்க்கரை. விரலில் உணர்ச்சி போய்விட்டது. கம்பி கையில் படுகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் விரல் கழுத்துக் கட்டையில் தட்டுகிற வரைக்கும் அழுத்துகிறார். அப்படி அழுத்தினால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறத்தான் செய்யும்.

கண்ணைத் திறந்து ரத்தத்தைப் பார்த்தார். வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டார்.

"கிட்டார்ல ஒண்ணுமில்ல. உம்ம கைதான்" என்றேன்.

உள்ளே இருந்து ரூபி எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் பதமா சொன்னா என்ன?"

பதமாகச் சொன்னால் பதினொன்று பத்தாகிவிடுமா?

தங்கையா விரலை வேட்டியில் துடைத்தார். பிறகு, "இத யாருக்கும் சொல்லாதீங்க அண்ணாச்சி" என்றார். சொல்லவில்லை. அதற்கு நான் சாட்சி. பிறகு, "ஒண்ணு செய்ய முடியுமா? என் கைக்குத் தக்கன வச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் சார். வேலை தெரிந்த எல்லாக் கடையிலும் செய்கிறதுதான். பலமாக அழுத்துகிறவனுக்குக் கட்டையைக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் தள்ளி வைத்துவிட்டால், அவன் அழுத்துகிற அழுத்தில் சுருதி நேராக வந்துவிடும். மற்றவன் வாசித்தால் இறங்கிக் கேட்கும். அது அவன் ஒருத்தனுக்கு மட்டும் சரியான கிட்டார். எனக்கு அது பிடிக்காது. முப்பத்தொன்பதரையை நாற்பது என்று சீட்டு ஒட்டுகிற மாதிரி.

"செருப்பக் காலுக்குத்தானே தைப்பாவ. காலச் செருப்புக்கா வெட்டுவாவ?" என்றாள் ரூபி. அவளுக்கு இந்த வேலையில் ஒன்றும் தெரியாது.

ஆனாலும் வைத்துக் கொடுத்தேன். என் புத்தி தடுமாறிய நாள் அது ஒன்றுதான். மூன்றாவது கம்பிக்கு எட்டுச் சுற்று. இரண்டாவது, ஐந்தாவது, ஆறாவதுக்கு ஐந்து ஐந்து. முதலாவதுக்கும் நாலாவதுக்கும் நாலு நாலு. மொத்தம் முப்பத்தொரு சுற்று. அவரை வாசிக்கச் சொன்னேன். முள் நடுவில் வந்து நின்றது.

முள்ளைப் பார்த்துச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பிறகு நான் கேட்காமலே ஸ்பீக்கர் பெட்டியில் ஒயரை மாட்டி வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரம். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு ரூபி நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். எதிர் வீட்டு ஜெபக்கனி டீச்சர்கூட வாசலுக்கு வந்தார். நான் இங்கே இருநூற்றுச் சொச்சம் கிட்டார் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் ரூபி வந்து அந்த நிலையில் சாய்ந்து நின்றதில்லை. அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள்.

இது செவ்வாய். புதன்கிழமை ஒத்திகை. வியாழக்கிழமை எமர்சன் வந்தான். அவனும் இதே நாற்காலியில்தான்.

"அண்ணாச்சி, நேத்து தங்கையா அண்ணன் பிரமாதமா வாசிச்சாங்க. அப்ப இத்தன நாளும் கிட்டார் கோளாறுதானா?"

நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

"இல்ல, ஞாயித்துக்கிழமை அறுநூறு பேர் இருப்பாங்க. எனக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும். கிட்டார் சரியா இருக்கா? நீங்க சொன்னாச் சரி. வேற யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

எனக்கு ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேச வராது சார். நேரே கேட்டால் வாயில் முதலில் வருவதைச் சொல்லிவிடுவேன். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவன் போய்விட்டான். நான் இங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்ன சொன்னோம் என்று அப்புறம்தான் உறைத்தது. கிட்டார் சரியாக இல்லை. பதினொரு சென்ட் தள்ளி இருக்கிறது. சரியாக இருக்கிறது என்று என் வாயால் சொல்லியாகிவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் சீட்டில் ஒரு பொய் எழுதாதவன் நான். வியாழன் சோறு இறங்கவில்லை. வெள்ளியும் இறங்கவில்லை. ரூபி ரசம் வைத்துக் கொடுத்தாள், அதுவும் இறங்கவில்லை.

நீங்கள் நினைக்கிறீர்கள், போய் எமர்சனிடம் சொல்லியிருக்கலாமே என்று. எப்படிச் சொல்ல? யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று தங்கையாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கையாவே கிட்டாரைக் கொண்டுவந்தார். மகள் மும்பையிலிருந்து புதுக் கம்பி வாங்கி வந்திருந்தாள். பண்டிகைக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று. கையில் அரிவாள்மனையும் இருந்தது. சபைக் கோயில் வளாகத்தில் ஆண்கள் எல்லாரும் வெங்காயம் உரிக்கப் போகிற நேரம்.

"சாயந்திரம் வந்து எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. மக மொத தடவையா நான் தனியா வாசிக்கதக் கேக்கப் போறா" என்றார்.

கம்பியை மாற்றினேன். மாற்றி முடித்த பிறகு திருப்புளி கையில் இருந்தது. கிட்டார் இந்தத் துண்டின் மேல் இருந்தது. நான் சொன்ன சொல்லும் இருந்தது. சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. கிட்டாரைச் சரி செய்ய முடியும்.

மூன்றாவது கம்பியில் ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது சுற்றில் ரூபி வந்துவிட்டாள்.

"என்ன செய்யுதிய?"

"கம்பி மாத்துதேன்."

"கம்பி அங்கல்லா இருக்கு. இங்க எதுக்குத் திருகுதிய?"

"அளவுக்கு வைக்கேன்."

"அந்த மனுசன் கைக்குத் தக்கன வச்சதா?"

"அது தப்பு அளவு. அளவு அளவுதான்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கு அவர் வாசிக்கணும்லா. மக வந்திருக்கால்லா" என்றாள். நான் ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணும்போது பேசினால் கணக்குத் தவறிவிடும்.

"அளவா, இல்ல அந்த விளக்கா?" என்றாள். "முப்பத்தாறு வருசமாச்சு. இன்னும் அந்த விளக்கக் கீழ வைக்கலியா நீங்க?"

அது ஒன்றுமில்லை சார். அவள் எதையாவது இழுப்பாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவோம். எனக்குப் பாட ஆசை இருந்தது. பின்வரிசையில் நின்று பாடினேன். தங்கையா முன்னால் கிட்டாரோடு போனவர் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க பெட்ரோமாக்ஸைப் பிடிங்க, போதும். பாட்ட நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். சிரித்தார்கள். ஏழு பேர். டிசம்பர் இருபத்தொன்று, ஆசாரிமார் தெரு முக்கு, தேவசகாயம் வீட்டுக்கு முன்னால். அவர் மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, வேடிக்கைக்குச் சொன்னதுதான். விளக்கை வாங்கிக்கொண்டேன். அப்புறம் பாடவில்லை. வீட்டில்கூட. அதெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று.

முப்பத்தொரு சுற்றும் திரும்ப வைத்தேன். முள்ளில் பார்த்தேன். ஆறு பூஜ்யம். அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐந்து மணிக்குத் தங்கையா வந்தார். கண் சிவந்திருந்தது, வெங்காயம். வாசித்துப் பார்க்க நேரமில்லை, பந்தல்காரன் காத்திருக்கிறான் என்றார்.

"எல்லாம் சரியா இருக்கா அண்ணாச்சி?"

"சரியா இருக்கு" என்றேன். இந்தத் தடவை அது முழு உண்மை.

ரூபி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஏழாவது பெஞ்சில் இருந்தேன். எப்போதும் அங்கேதான். தங்கையா புதுச் சட்டை, இரண்டாவது தூண், நாற்காலி. மகள் முதல் வரிசையில், மடியில் பேத்தி. போதகர் ஐயா ஜெபம் முடித்ததும் எமர்சன் கையைத் தூக்கினான். கீபோர்டு ஒரு சுருதியை நீளமாகப் பிடித்தது. தங்கையா ஆரம்பித்தார்.

கீழே இருந்த வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேலே ஏறினார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தார். கீபோர்டும் கிட்டாரும் ஒன்றோடொன்று உரசின. அங்கே முள் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். பதினொன்று. அவருக்கும் கேட்டுவிட்டது. காது நல்ல காது சார், அதில் குறை சொல்ல முடியாது. கேட்டதும் என்ன செய்வார்? விரல் சரியாகப் படவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தினார். அழுத்த அழுத்த ஏறியது. பதினைந்து இருக்கும். இருபது இருக்கும். பேத்தி காதைப் பொத்திக்கொண்டது. மகள் அந்தப் பிள்ளையின் கையை இழுத்துக் கீழே விட்டாள். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். திரும்பிப் பார்க்காமலே எண்ணிவிட்டேன், இரண்டு பேர்.

எமர்சன் சத்தப்பெட்டிக்காரனைப் பார்த்துக் கண் காட்டினான். ஒயர் மாட்டின கிட்டார்தானே, சத்தம் நின்றுவிட்டது. கீபோர்டில் கிட்டார் சத்தம் வந்தது. எங்கே நின்றதோ அங்கிருந்து எடுத்துப் போனது. ரொம்பச் சுத்தமாக இருந்தது.

தங்கையா எழுந்து போகவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். எழுந்தால் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ. அடுத்து நாலு பாட்டு. நாலுக்கும் கை போட்டுக்கொண்டே இருந்தார். சத்தமே இல்லை. விரல் ஏறுகிறது, இறங்குகிறது. சரியான இடத்தில்தான் போகிறது. சின்னப் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று காட்டிச் சிரித்தன. மகள் தலையைக் குனிந்துகொண்டாள், கடைசி வரைக்கும் நிமிரவில்லை.

அசனப் பந்தியில் தங்கையா எனக்கு எதிர்வரிசையில்தான் உட்கார்ந்தார். இலையில் கறி விழுந்தது. தொடவில்லை. நான் இரண்டு தடவை வாங்கினேன். அந்த வருஷம் கறி நன்றாக இருந்தது.

எமர்சன் கை கழுவுகிற இடத்தில் வந்து கேட்டான். "அண்ணாச்சி, கிட்டார் சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியா இருந்தது" என்றேன்.

"அப்ப ஆள்தான்" என்றான்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவன் என்னிடம் கிட்டாரைப் பற்றித்தான் கேட்டான். ஆளைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்த நாற்காலியை எடுத்துவிட்டு அங்கே ஒரு ஸ்பீக்கர் வைத்துவிட்டார்கள்.

ரூபி என்ன சொன்னாள் என்றா? அவளுக்கு அந்த வாரம் பல்வலி. ஒன்பது நாள் பேசவில்லை. அவளுக்கு அடிக்கடி வரும்.

புதன்கிழமை தங்கையா இங்கே வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். 'நான் வைத்தது சரியான அளவு. எடுத்துக்கொண்டு எந்தக் கடையிலும் போய்க் கேளும்' என்று. அவர் கத்தவில்லை. அசனத்தில் மிஞ்சிய பலகாரத்தில் எனக்கென்று ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறார். அதை மேஜையில் வைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. நான்தான் சபையில உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன்."

பொட்டலத்தை மேஜையோரத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

"புதன்கிழமை இருந்த கை ஞாயித்துக்கிழமை இல்ல அண்ணாச்சி. நாலு நாள்ல இவ்வளவு போகுமா? மக பயந்துட்டா. மும்பைக்குக் கூட்டிட்டுப் போறேங்கா. காலும் இப்படித்தான் போகும், அப்புறம் எடுக்கணும்னு சொல்லுவாங்கன்னு அழுதா. டாக்டர்ட்ட போகும்போது ஒரு கணக்கு இருந்தா நல்லதுல்லா. நீங்க ஒரு தடவ அளந்து பாத்துச் சொல்லுங்க. எவ்வளவு கூடியிருக்குன்னு."

கிட்டாரை உறையிலிருந்து எடுத்தார். நான் டியூனரை மாட்டினேன். மூன்றாவது கம்பி, பன்னிரண்டாவது ஃப்ரெட். அழுத்தினார். முள் போய் நின்றது. இன்னொரு தடவை அழுத்தச் சொன்னேன். மூன்றாவது தடவையும் அழுத்தினார். மூன்றிலும் ஒரே இடம்.

"எவ்வளவு?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை சார். முள் எதைக் காட்டியதோ அதைத்தான் சொன்னேன். "பதினொன்று" என்றேன்.

அவருக்கு மனசில் கணக்கு நிற்காது. பாட்டு நூறு நிற்கும், கணக்கு நிற்காது. தலையை ஆட்டினார். "பதினொண்ணா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "மொதல்ல பாத்தோமே, குண்டூசி வச்சுக் குத்தினீங்களே, அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?"

உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ரூபிக்கு இந்த மாதிரிச் சமயத்தில்தான் காது நன்றாகக் கேட்கும்.

எனக்கு உடனே சொல்ல வரவில்லை. இத்தனை கிட்டார் பார்க்கிறோம், எல்லாம் ஞாபகத்தில் இருக்குமா? "நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன். பாத்துச் சொல்லுதேன்" என்றேன்.

நோட்டு இந்த இழுப்பறையில்தான் இருந்தது. இப்போதும் இதில்தான் இருக்கிறது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "பாத்து என்ன ஆகப் போகுது." கிட்டாரை உறையில் போட்டார். ஜிப்பை இழுக்க விரல் பிடிபடவில்லை. இரண்டு தடவை நழுவிற்று. நான்தான் இழுத்து மூடிக் கொடுத்தேன். அதற்கும் நன்றி சொன்னார்.

மும்பைக்குப் போகவில்லை. இங்கேதான் இருக்கிறார். இப்போது ஏழாவது பெஞ்சில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார். முன்னால் இடம் இருந்தாலும் போகிறதில்லை. கிட்டார் கோளாறு என்று யார் வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார். ஆராதனை முடிந்ததும் நான் உடனே எழுந்து போவதில்லை சார். கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறேன். அன்றைக்கு எவ்வளவு இருந்தது என்று கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான். நாற்பத்தேழு ஞாயிறு ஆகிவிட்டது. அவர் கேட்கிறதில்லை.